தெரிந்தே போட்ட கையெழுத்து

"நீங்க இங்க வேலை பார்த்ததுக்கு ரெக்கார்டு இல்லீங்களே மேடம்" என்றார் அலுவலக எழுத்தர் பொன்ராஜ், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே.

ராஜகுமாரிக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறோ என்று தோன்றியது. குன்னூர் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் கல்லூரியில் அவள் ஐந்து வருடமாகப் பாடம் நடத்துகிறாள். தொழிலாளர் உறவு என்று பாடத்துக்குப் பெயர். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே சட்டம் என்ன சொல்கிறது, நடப்பில் என்ன நடக்கிறது என்று சொல்லித்தருவது. அதிலேயே முனைவர் பட்டமும் வாங்கியிருந்தாள்.

"நேத்து மூணாவது பீரியடு இந்த ஜன்னலுக்கு எதுத்தாப்பல கிளாஸ் எடுத்தது யாருங்க?"

"நீங்கதான் எடுத்தீங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா நீங்க கெஸ்ட் லெக்சரருங்க. விருந்தாளி. ஊட்டுக்கு விருந்தாளி வந்துட்டுப் போனதுக்கு யாராச்சும் சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவளிடம் யோசனை கேட்பவர் போலத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

சமவெளியில் ஒரு பல்கலைக்கழகம் ஆறு வருடம் கழித்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தது. அவளுடைய பாடத்துக்கு ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதனோடு பணி அனுபவச் சான்றிதழும், ஆய்விதழில் கட்டுரை ஏற்கப்பட்டதற்கான கடிதமும் வைக்க வேண்டும். இன்று செவ்வாய். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இது அவள் போடும் இருபத்து மூன்றாவது விண்ணப்பம். முந்தைய இருபத்திரண்டில் ஒன்பதுக்குப் பதிலே வரவில்லை. ஆறு இடங்களில் அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி இடங்களில் நேர்காணல் என்ற பெயரில் அவள் அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஏன் ஆகவில்லை, மலைக்குளிர் பழகியவளுக்குக் கீழே வெயில் தாங்குமா என்று கேட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்த ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

"ஒவ்வொரு ஜூனும் ஆர்டர் குடுத்தீங்களே பொன்ராஜ் சார்."

"குடுத்தோம். ஒவ்வொரு ஏப்ரலும் ரிலீவ் பண்ணிப்போட்டோமுங்களே. நடுவுல மே மாசம் நீங்க இங்க யாருமே இல்லீங்க. அஞ்சு வருஷம்னு எப்படி எழுதறது? பத்து மாசம், பத்து மாசமா அஞ்சு துண்டு. நாளன்னிக்கு வாங்க. பிரின்சிபால் வந்துருவாரு, கேட்டுச் சொல்றேன்."

வெளியே படிக்கட்டில் ஃபரீத் காத்திருந்தான். ஊட்டி மார்க்கெட்டில் கம்பளி, ஸ்வெட்டர் விற்கும் குடும்பத்துப் பையன். கடையில் உட்காரப் பிடிக்காமல் படித்து, காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவன். அதே கல்லூரி, அதே விருந்தாளி வேலை. அந்த ஒரே இடத்துக்கு அவனும் விண்ணப்பிக்கிறான். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

"என்ன சொன்னாரு?"

"நாம இங்க வேலையே பார்க்கலையாம்."

"அப்பாடா" என்றான் ஃபரீத். "அப்ப அந்த எழுபது பேப்பரை நான் திருத்த வேண்டாம்ல."

புதன்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கீழ் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினாள். கட்டுரையை ஏற்றுக்கொள்ளத் தயார் என்று ஆய்விதழ் ஆசிரியர் எழுதியிருந்தார். ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் புதிதாக வேண்டுமாம். நான்கு வருடத்துக்கு முன் வாய்மொழியாக வாங்கிய சம்மதம் இப்போது செல்லாது. கட்டுரையில் வரும் மூன்று பேரில் ஒருத்தி இறந்துவிட்டாள், இன்னொருத்தி திருப்பூருக்குப் போய்விட்டாள். மிச்சம் சுகந்தி.

சுகந்திக்கும் அவள் வயதுதான் இருக்கும். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்க வேண்டிய நாள் கணக்கு நெருங்கும்போதெல்லாம், சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் பத்து நாள் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ராஜகுமாரியின் ஆய்வே அந்தத் தாளைப் பற்றியதுதான்.

மதிய இலை எடை போட்டு முடித்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே சுகந்தி வந்தாள். கையில் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இது இங்கிலீஷ்ல இருக்கு."

"சம்மதம்னு இருக்கு சுகந்தி. நீங்க சொன்னதை நான் எழுதிக்கலாம்னு."

"நான் என்ன சொன்னேன்னு எழுதியிருக்கீங்க?"

பதினைந்து நிமிடத்தில் கோத்தகிரி பஸ் வந்துவிடும். ராஜகுமாரி கட்டுரையை எடுத்து, சுகந்தி வருகிற பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். சுகந்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'தற்காலிகத் தொழிலாளர்கள் தாங்கள் கையெழுத்திடும் தாளின் விளைவு என்னவென்று அறியாமலேயே கையெழுத்திடுகிறார்கள்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது யாரு சொன்னது?"

"இது நான் சொல்றது. நீங்க சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆய்வு முடிவா."

"எனக்குத் தெரியாதுன்னு எப்படி முடிவு பண்ணுனீங்க? நான் பத்தாவது பாஸ் டீச்சர். அந்தத் தாளைப் படிச்சுத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் படிச்சுத்தான் போடுறேன்."

"தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு எழுதினா, தப்பு உங்க மேலன்னு ஆயிடும் சுகந்தி. உங்களுக்கு நல்லதுக்குத்தான் இப்படி எழுதியிருக்கேன்."

"போடலைன்னா மறுபடி எடுக்க மாட்டாங்க. எனக்குப் பின்னால பதினோரு பேரு வரிசையில நிக்கிறாங்க. அது தெரிஞ்சு போட்டேன். தப்பு யாரு மேலன்னு நீங்கதான் எழுதணும், அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எதுக்கு எழுதணும்?"

"சரி. அப்புறமா அந்த வரியை மாத்திடறேன். இப்ப இதுல கையெழுத்து மட்டும்…"

"அப்ப நானும் அப்புறமாப் போடுறேன்" என்று சுகந்தி தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது, பஸ்ஸில் சாப்பிடச் சொல்லி இரண்டு கொய்யாப்பழமும் கொடுத்தாள்.

பஸ்ஸில் ராஜகுமாரி கொதித்துக்கொண்டே வந்தாள். ஆறு வருட உழைப்பில் எழுதிய முடிவு. மூன்று பேராசிரியர்கள் படித்துப் பாராட்டியது. அதை ஒரு கையெழுத்துக்காக மாற்ற வேண்டுமாம். மாற்றினால் அந்தப் பகுதியையே மறுபடி எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஆகிற காரியமா அது. சுகந்தி வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். வீம்பாகத் தெரியவில்லை என்பதுதான் சங்கடம். ஏற்புக் கடிதம் இல்லாமலே விண்ணப்பிப்பது என்று, இறங்குவதற்குள் முடிவு செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை முதல்வர் இருவரையும் அறைக்கு அழைத்தார். சாதுவான மனிதர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"அனுபவச் சான்றிதழ்தானேம்மா, தாராளமாத் தரலாம். அஞ்சு வருஷம்னே எழுதித் தரச் சொல்லியிருக்கேன். நிர்வாகத்துல ஒரு சின்ன லெட்டர் கேட்கறாங்க. ஃபார்மாலிட்டிதான்."

பொன்ராஜ் ஆளுக்கொரு தாளை நீட்டினார். 'இந்த நிறுவனத்திடம் பணி நிரந்தரமோ பணித் தொடர்ச்சியோ கோரும் உரிமை எனக்கு எந்நாளும் இல்லை என்பதை, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன், முழு மனதுடன் உறுதி கூறுகிறேன்.'

ராஜகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. தோட்டத்துத் தாள்களில் நாற்பத்தொரு மாதிரிகளை அவள் சேகரித்து வைத்திருந்தாள். சொற்கள்கூட ஏறக்குறைய அதேதான்.

"'சுயநினைவுடன்'ங்கறது மட்டும் புதுசு" என்றான் ஃபரீத். தாளை மேசை மேலேயே வைத்தான். "வேண்டாம் சார். சான்றிதழ் உரிமையாத் தர வேண்டியது. இதைப் போட்டு வாங்கற மாதிரி இல்லை."

முதல்வர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. "நான் என்னப்பா பண்ண முடியும்" என்றார்.

ஃபரீத் எழுந்துகொண்டான். ராஜகுமாரி எழுந்திருக்கவில்லை. மணி பதினொன்றே கால். சான்றிதழை ஸ்கேன் செய்து, நேரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நகல்களோடு இன்றிரவு பஸ் பிடித்தால்தான் நாளை மதியம் போய்ச் சேர முடியும். வயது வரம்பைத் தாண்டுவதற்குள் இன்னும் ஒரு அறிவிப்பு வந்தால் அதிகம். அவள் தாளை ஒருமுறை முழுதாகப் படித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

படிக்கட்டில் ஃபரீத் ஒன்றும் சொல்லாமல் நின்றது அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லிடு."

"என்ன சொல்றது? நீ அறுபது பக்கம் எழுதியிருக்கே இதைப் பத்தி."

"உனக்கென்ன, கடை இருக்கு. நாளைக்கே போய் உட்கார்ந்துக்கலாம். எனக்கு எங்க போய் உட்கார?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. ஃபரீத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது ராஜி, கிளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அதற்கப்புறம் மூன்று மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விண்ணப்பம் ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. மே மாதக் கடைசியில் பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு வரி வந்தது. நிர்வாகக் காரணங்களால் மேற்படி பணி நியமனம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். அந்த வரியில்கூட ஒரு எழுத்துப்பிழை இருந்தது.

ஜூனில் கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. தொழிலாளர் உறவுப் பாடத்தை வணிகவியலோடு சேர்த்துவிட்டார்களாம். வணிகவியல் ஆசிரியரே பார்த்துக்கொள்வாராம். விருந்தாளிகள் ஒன்பது பேருக்கும் அதே கதை. ராஜகுமாரி கோத்தகிரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே ஆணை என்று ஒன்று தருவதே இல்லை. இருந்தால் வா, இல்லாவிட்டால் போ.

இதற்கு நடுவே அவள் சுகந்தியின் வரியை மாற்றி எழுதினாள். மாற்ற வேண்டியது ஒரு வரிதான் என்று தொடங்கி, பதினான்கு பக்கம் மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்த் தமிழில் படித்துக் காட்டினாள். சுகந்தி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ஆய்விதழ் ஆசிரியர் பதில் எழுதினார்: முடிவே மாறிவிட்டதால் இதைப் புதிய கட்டுரையாகத்தான் கருத வேண்டியிருக்கிறது, மதிப்பீட்டுக்கு எட்டு மாதம் ஆகலாம். அவள் மடிக்கணினியை மூடிவிட்டுப் போய் வெங்காயம் நறுக்கினாள்.

ஜூலையில் ஃபரீத் தொலைபேசியில் அழைத்தான். குரலில் பழைய கோபம் தெரியவில்லை. பழைய விளையாட்டும் இல்லை.

"சான்றிதழும் பணித் தொடர்ச்சியும் கேட்டு நாங்க எட்டுப் பேர் மனு போட்டிருக்கோம். கோயமுத்தூர்ல கல்லூரிக் கல்வி அதிகாரிகிட்ட. விசாரணைக்கு வர்றாங்க."

"லேபர் ஆபீசுக்குப் போகலாமே" என்று சொல்ல வாயெடுத்து அவளே நிறுத்திக்கொண்டாள். ஆசிரியர் சட்டப்படி தொழிலாளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வருடா வருடம் வகுப்பில் நடத்தியவர்களே அவர்கள் இருவரும்தான்.

"நீ வரணும் ராஜி. அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் நீதான். அப்படி ஒண்ணு கேட்டாங்கன்னு நான் சொன்னா, மனு போட்டவன் பேச்சுன்னு தள்ளிடுவாங்க. நிர்வாகம் கேட்கவே இல்லையாம், நீயா விரும்பி எழுதிக் குடுத்தியாம்."

வழக்கறிஞர் மாரப்பனின் அறை குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து அவர் வழி சொன்னார்.

"ரொம்ப சிம்பிளுங்க. 'என்னன்னு தெரியாம, படிக்காம போட்டுட்டேன்'னு ஒரு வரி சொல்லிப்போடுங்க. லெட்டரு செல்லாம போயிரும்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க சார்."

"ஏனுங்க?"

"நான் டாக்டரேட் வாங்கினதே அந்த லெட்டரைப் பத்தித்தான். அந்த ஆய்வுப் புத்தகம் அந்தக் காலேஜ் லைப்ரரியிலேயே இருக்கு. நானே குடுத்தேன். பொன்னாடை போட்டு வாங்கிக்கிட்டாங்க."

மாரப்பன் நெற்றியைத் தேய்த்தார். "இத்தனை படிச்சவங்க எதுக்குங்க மேடம் போட்டீங்க?"

இந்தக் கேள்வியைத்தான் அவள் நான்கு வருடத்துக்கு முன் சுகந்தியிடம் கேட்கவே இல்லை. கேட்காமலே பதிலை எழுதிக்கொண்டாள்.

"மறுநாள் வெள்ளிக்கிழமைங்க" என்றாள்.

விசாரணை கல்லூரியின் கருத்தரங்கு அறையில் நடந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த அதிகாரி, மலை ஏறி வந்ததில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தார். வழியில் பர்லியாரில் குடித்த இளநீர்தான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு அச்சடித்த படிவம் வைத்திருந்தார்.

"இந்தக் கடிதம் உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"விரும்பிக் கையெழுத்துப் போட்டீங்களா, அறியாமல் போட்டீங்களா?"

"ரெண்டும் இல்லைங்க சார். தெரிஞ்சு போட்டேன். ஆனா விரும்பிப் போடலை."

"தெரிஞ்சு போட்டா விரும்பிப் போட்டதுதானே?"

"இல்லைங்க. வியாழக்கிழமை பதினொண்ணே காலுக்குக் கடிதத்தை முன்னாடி வெச்சாங்க. வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். போடலைன்னா சான்றிதழ் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் நடந்தது."

"இதுல ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு. ஒண்ணுல டிக் பண்ணணும்."

"மூணாவது கட்டம் போட்டுக்குங்க சார்."

"அச்சடிச்ச ஃபாரம்மா இது."

நாற்பது நிமிடம் இப்படியே போனது. முதல்வர் ஜன்னல் வழியாகச் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன் இரண்டு முறை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை. கடைசியில் அதிகாரி அலுத்துப்போய், படிவத்தின் ஓரத்தில், அவள் சொல்லச் சொல்லப் பொடி எழுத்தில் எழுதினார். இடம் போதாமல் வரி பின்பக்கத்துக்கு ஓடியது. அவள் அதை வாங்கி முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் ஃபரீத் டீ வாங்கித் தந்தான். பெங்களூரில் ஒரு வருட ஆய்வுத் திட்டத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். அதுவும் ஒப்பந்தம்தான்.

"கடையைப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றாள் ராஜகுமாரி.

"தப்புதான்" என்றான் அவன். "வாப்பாவும் அதையேதான் தினம் சொல்றாரு. உன் வாயால கேட்டதுதான் கஷ்டமா இருந்தது." பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "அந்த ஆளை நாற்பது நிமிஷம் வதைச்சியே, எனக்கே பாவமா இருந்துச்சு" என்றான். அதற்கு மேல் அவர்கள் அதைப் பேசவில்லை.

செப்டம்பரில் உத்தரவு வந்தது. எட்டுப் பேருக்கும் நிபந்தனையின்றிச் சான்றிதழ் தர வேண்டும். ராஜகுமாரியிடம் வாங்கிய கடிதம் செல்லாது, அதைத் திருப்பித் தர வேண்டும். பணித் தொடர்ச்சி பற்றிய கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. 'பரிசீலனையில்' என்ற சொல்லைப் பார்த்து மாரப்பன் பெருமூச்சு விட்டார். இருந்தாலும் இது வெற்றிதான் என்றார்.

கடிதத்தை வாங்க அவள் போனபோது பொன்ராஜ் மூன்று பீரோக்களையும் திறந்து தேடி முடித்திருந்தார்.

"ஃபைல்ல காணோமுங்க மேடம். ஒண்ணு பண்ணலாமுங்க. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. கிடைச்சதும் நானே தபால்ல அனுப்பி வெச்சுடறேன்."

ராஜகுமாரி அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தேடுங்க. எனக்கு அவசரம் இல்லை."

அவர் தேடினார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. அவர் போகவில்லை, அவளும் எழவில்லை. மூன்று மணிக்கு மேல், மாணவர் சேர்க்கைப் படிவக் கட்டுக்கு நடுவே கடிதம் அகப்பட்டது. தூசியைத் தட்டி அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"எனக்கும் வருஷா வருஷம்தானுங்க ஆர்டரு. பதினாலு வருஷமாச்சு. மே மாசம் ரெக்கார்டுல நானும் இல்லீங்க. ஆனா மே மாசமும் அட்மிஷன் வேலைக்கு வந்துருவேன். அந்த மனுவுல எங்களை மாதிரி ஆபீஸ்காரங்களைச் சேர்க்க முடியுமாங்க?"

அவளுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. விருந்தாளிக்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்ட அதே வாய். இத்தனை வருடம் மேசைக்கு மேசை அலையவிட்ட அதே கை.

"எங்களை அப்படி அலைய விட்டீங்களே பொன்ராஜ் சார்."

"சொன்னதைச் செஞ்சேனுங்க" என்றார் அவர். "என்ன செய்யறோம்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ராஜகுமாரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மனுவுல நீங்க வர முடியாது" என்றாள். "வரவும் வேண்டாம். ஆசிரியருக்குத்தான் அந்த வழி அடைச்சுக் கிடக்கு. நீங்க எழுத்தர். சட்டப்படி நீங்க தொழிலாளி. நேரா லேபர் ஆபீசுக்கே போகலாம்."

பொன்ராஜுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று புரியவில்லை. "போனா இங்க நிறுத்திப்போடுவாங்களே மேடம்."

"நிறுத்தலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும். பதினாலு ஆர்டரும் இருக்கா?"

"ரெண்டு இல்லீங்க. ஊடு மாத்தினப்ப எங்கியோ போயிருச்சு."

"இங்க ஃபைல்ல காப்பி இருக்கும். நீங்களே வெச்சதுதானே, தேடுங்க" என்றாள். அவர் மறுபடியும் முதல் பீரோவைத் திறந்தார். நான்கு மணி கோத்தகிரி பஸ் இன்றைக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. பயிற்சி மையத்துக்குப் போன் செய்து இன்று வர முடியாது என்று சொல்லிவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, அவருடைய முதல் ஆணையின் தேதியைக் கேட்டு எழுதத் தொடங்கினாள்.